கோள் சொன்ன கம்பியூட்டர்

"டீச்சர், இந்தக் கம்பியூட்டருக்கு வாய் இருக்கா?"

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் இன்னும் சைக்கிளை விட்டே இறங்கவில்லை. தன்னாமுனையில் என் வீட்டுக் கேற்றடியில் யோகா நிற்கிறாள். கையில் குடை. விரித்துப் பிடிக்க மறந்துபோய், அதை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள்.

"வாய் இல்ல. ஏன் புள்ள?"

"அப்ப எப்பிடி அது எங்கட அண்ணனுக்குச் சொல்லிச்சு?"

நான் கணக்கு டீச்சர். பதில் தெரியாத கேள்வி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. நல்லவேளை… இதற்குப் பதில் தெரியும். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். யோகா என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்க. ஆனா பேர நான் சொல்லுறன்" என்றாள். தனக்கு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே ஓர் ஆசை இருந்ததாம். அப்படியே ஆகட்டும். அவளுடைய அண்ணனிடமும் கேட்டேன். "ஊர்ப் பேரப் போடுங்க டீச்சர், என்ட பேரப் போட்டிராதீங்க" என்றார். ஆகவே அவர் இங்கே மண்டூர் அண்ணன்.

யோகாவின் மகள் என்னிடம் படிக்கிறாள். அப்படித்தான் பழக்கம். யோகாவுக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. திராய்மடுவில் சுனாமி வீட்டுத் திட்டத்தில் தாயும் மகளுமாக இருக்கிறார்கள். அதற்கு முன் வீடு கடலோரத்தில் இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் இப்போது சொல்லலாம்.

சுனாமி வந்த அன்று காலை யோகாவும் மகளும் மண்டூரில் அண்ணன் வீட்டில் நின்றார்கள். பள்ளிக்கூட விடுமுறை. கணவரும் சின்ன மகனும் மறுநாள் வருவதாகச் சொல்லி வீட்டில் நின்றுவிட்டார்கள். வரவில்லை. வாவியைக் கடந்துபோய், ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடங்களிலும் தேடி அலைந்தவர் அண்ணன். அடையாளம் காட்டியவரும் அவர்தான். யோகாவைப் பார்க்க விடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? அண்ணனை நீங்கள் அவசரப்பட்டு வில்லன் ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக.

போன வருடம் யோகா ஒரு முடிவுக்கு வந்தாள். மறுபடி கலியாணம் செய்யலாம். மகளிடம் சொன்னாள். மகள் ஒரு நாள் பேசாமல் இருந்தாள். மறுநாள், "அப்பாட படத்த எடுக்கத் தேவையில்லத்தானே?" என்று மட்டும் கேட்டாள். "தேவையில்ல" என்றாள் யோகா. அவ்வளவுதான்… வீட்டுக்குள் அந்தக் கதை முடிந்தது.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. தரகரிடம் போனால் மூன்றாம் நாள் ஊர் முழுக்கத் தெரியும். எனவே இன்டர்நெட்.

மட்டக்களப்பு டவுனில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பொனிபஸ் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடை. பொனிபஸ் என்பதும் நான் வைத்த பெயர்தான். பலகை அடித்துப் பிரித்த சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்கும் பூப்போட்ட திரைச்சீலை. திரைச்சீலையை இழுத்துவிட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது — என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

யோகாவும் அப்படித்தான் நினைத்தாள். ஸ்டூடியோவில் பச்சைச் சேலை கட்டி எடுத்த ஒரு படத்தைக் கலியாணத் தளம் ஒன்றில் போட்டாள். சனிக்கிழமைகளில் அரை மணித்தியாலம். போவாள், பார்ப்பாள், திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வருவாள்.

இனி அண்ணனுக்கு வருவோம். அவருடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறான். மகனோடு இன்டர்நெட்டில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று சொல்லி, பொனிபஸ் கடையை அண்ணனுக்குக் காட்டிக் கொடுத்ததே யோகாதான். மண்டூரில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இருந்து பஸ் பிடித்து டவுனுக்கு வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். மகன் படங்கள் அனுப்பியிருந்தான். மெயிலைத் திறக்க வேண்டும். அண்ணனுக்கு ஆங்கில எழுத்துத் தேடித் தேடி அடிக்கப் பொறுமை இல்லை. பொனிபஸ் குனிந்து, மெயில் முகவரியின் முதல் எழுத்தை அடித்தார். அந்த எழுத்தில் தொடங்கும் முகவரிகள் எல்லாம் தாங்களாகவே கீழே வரிசை கட்டின. பொனிபஸ் எதையும் பார்க்கவில்லை. பழக்கத்தில் தட்டிவிட்டார்.

மெயிலும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. மற்றதும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

திரையில் பச்சைச் சேலை. மேலே, 'வருக' என்று தங்கையின் பெயர். பக்கத்தில் அவளுடைய வயது, உயரம், நட்சத்திரம். அதற்கும் கீழே ஒரு வரி: கணவரை இழந்தவர், ஒரு மகள்.

மகனுடைய படங்களைப் பார்க்காமலே அண்ணன் எழும்பினாராம். ஆட்டோ பிடித்து நேரே திராய்மடுவுக்குப் போயிருக்கிறார். முற்றத்தில் நின்றே தொடங்கிவிட்டார்.

"உலகத்துக்கே படம் போட்டுக் காட்டியிருக்கிறாய்! ஆரக் கேட்டுச் செஞ்ச நீ? நான் செத்தா போயிற்றன்?"

அக்கம்பக்கத்து வீடுகள் நெருக்கமானவை. ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் இடையில் ஒரு முருங்கை மரம் நிற்கலாம், ரகசியம் நிற்காது. யோகா தேத்தண்ணி போட உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். ஆனால் கேற்றைத் திறந்தபோது சொன்ன ஒரு வசனம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"கம்பியூட்டருக்குச் சொன்னவளுக்கு எனக்குச் சொல்ல மனம் வரல்ல."

அதுதான் அவளைச் சுட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல டீச்சர். போகக்குள்ள பெட்டிய மூடிற்றுத்தான் போறனான். அது எப்பிடி என்னத் தெரிஞ்சி வெச்சிருந்தது?"

சொன்னேன். நீ மூடியது திரையில் தெரிந்த ஜன்னலை மட்டும். பிரவுசர் எதையும் மறப்பதில்லை. எந்தத் தளத்துக்குப் போனாய் என்று எழுதி வைக்கும். பெட்டியில் என்ன எழுத்து அடித்தாய் என்று வைத்திருக்கும். பாஸ்வேர்டை ஞாபகம் வைக்கட்டா என்று கேட்கும்… நாமும் அவசரத்தில் ஓம் என்று தட்டிவிடுவோம். அதுபோக ஒவ்வொரு தளமும் குக்கி என்று ஒன்றை உன் கம்பியூட்டரில் போட்டுவிட்டுப் போகும்.

"பிஸ்கட்டா?"

"பேர் மட்டும்தான் பிஸ்கட். அது ஒரு அடையாளத் துண்டு. அடுத்த முறை நீ வந்தா, ஆ, இவதான் அவ எண்டு தளத்துக்குத் தெரிஞ்சிரும்."

"நான் வந்தாத்தானே தெரியோணும்? அண்ணன் வந்தாலும் நான் எண்டா நினைக்கும்?"

என்ன சரியான கேள்வி! ஓம், அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் அது யோகா என்றுதான் நினைக்கும். வீட்டில் ஒருவர் மட்டும் பாவிக்கிற கம்பியூட்டர் என்றால் இது வசதி. ஊரே வந்துபோகும் கடையில்?

யோகா குடையின் பிடியை உருட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்.

"சுனாமிக்குப் பிறகு அகதிக் காம்புல எத்தின பேர் வந்து கேட்டாங்க டீச்சர். புருசன்ட பேர் என்ன, புள்ளைட வயசென்ன, கடல் வரக்குள்ள எங்க நிண்ட… எல்லாம் சொன்னன். ஒராள் படம் எடுத்துக்கொண்டு போனான். மறுகா ஒரு ஒபிசுக்குப் போன நேரம் பாக்கிறன், சுவர்ல கலண்டர்ல நான். வாயத் திறந்து அழுதுகொண்டு. ஆகஸ்ட் மாசத்துக்கு என்ட அழுகை."

குடையை மடியில் கிடத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"அந்தப் பச்சச் சேலைப் படம்தான் நானா எடுத்து, நானாப் போட்ட படம். அதையும் நான் காட்ட முதல் வேற ஆரோ காட்டிற்றாங்க."

வாசகர்களே, நம்முடைய பக்கத்து மனிதர்களுக்கு அந்தரங்கம் என்ற சொல்லைப் படிப்பிப்பது கஷ்டம். வருடக்கணக்காகச் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, எங்கே போகிறாய் என்றதற்கும் ஏன் போகிறாய் என்றதற்கும் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாம். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று வந்து எழுதிக்கொண்டு போவார்கள். கேட்டால் சொல்ல வேண்டும், அதுதான் உயிருக்கு நல்லது என்று உடம்பே கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது யுத்தம் முடிந்தது. சாவடிகள் குறைந்திருக்கின்றன. ஆனால் கேட்டவுடன் ஓம் என்று தட்டும் அந்தக் கை? அது இன்னும் பழைய பழக்கத்தில்தான் இருக்கிறது. திரையில் ஒரு பெட்டி குதித்து வந்து 'சம்மதமா?' என்று கேட்டால், வாசித்துப் பார்க்காமலே சம்மதித்துவிடுகிறோம்.

"சனிக்கிழமை பொனிபஸ் கடைக்குப் போவம்" என்றேன். "அங்க இருக்கிற எல்லாக் கம்பியூட்டரையும் திருத்திற்றுத்தான் வாறது."

என் தன்னம்பிக்கை உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்த விஷயத்தில் அதற்குக் காரணம் உண்டு. என் வீட்டு இன்டர்நெட் டெலிபோன் வயரில் ஊர்ந்து வருகிறது. ஒரு பக்கம் திறப்பதற்குள் கீரை ஆய்ந்து முடித்துவிடலாம். பார்த்தால், பாதி நேரம் ஆடுகிற, மின்னுகிற விளம்பரங்கள் இறங்கத்தான் போகிறது. அந்த எரிச்சலில் படிக்கத் தொடங்கியவள் நான். கோபம் வந்தால் நான் நன்றாகப் படிப்பேன்.

சனிக்கிழமை பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனோம். யோகா வாசலில் தயங்கினாள். பொனிபஸ் அவளைக் கண்டதும் கல்லாவில் இருந்து எழும்பினார். நல்ல மனிதர். ஒரு கிழமையாக அவருக்கும் நித்திரை இல்லையாம்.

"தங்கச்சி, சத்தியமா நான் வேணுமெண்டு செய்யல்ல."

"தெரியும் அண்ண" என்றாள் யோகா. "நீங்க ஒரு எழுத்துத்தானே அடிச்சீங்க."

நான் முதல் கம்பியூட்டரில் உட்கார்ந்தேன். இன்டர்நெட்டைத் திறக்க எல்லோரும் அழுத்தும் அந்த நீல 'e' எழுத்தை அழுத்தினேன். திறந்ததுதான் தாமதம்… நீங்கள் பத்து லட்சமாவது விருந்தாளி, வாழ்த்துகள், கார் உங்களுக்குத்தான்! அதை மூடினால் இன்னொன்று. அதை மூடினால் கண்ணடிக்கிற ஒரு பெண். மேலே மூன்று மாடிக்குத் தேடல் பட்டைகள். பக்கம் தெரிகிற இடம் ஒரு கையகலம்.

"இதுல காரெண்டு வந்தத நம்பி, ஒராள் பேர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் போட்டுக் குடுத்திற்றார்" என்றார் பொனிபஸ். "இப்பவும் வந்து கேட்கிறவர், கார் துறைமுகத்துக்கு வந்திற்றா எண்டு."

சிரித்தோம். பிறகு நான் சிரிப்பை நிறுத்தினேன். ஏனென்றால் அந்த மனிதரின் பேரும் விலாசமும் இப்போது எங்கே, யாரிடம் இருக்கின்றன?

என் திட்டத்தைச் சொன்னதும் பொனிபஸ் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், பாஸ்வேர்ட் தானா விழாட்டி ஆக்கள் எனக்கு ஏசுவாங்க. மறந்து போறாங்க."

"ஏசட்டும். மறந்தா புதுசா எடுக்கலாம். போன மானத்த எங்க எடுக்கிற?"

யோகா என் முழங்கையைத் தொட்டாள். "மானம் ஒண்டும் போகல்ல டீச்சர்" என்றாள், மெதுவாக. "கலியாணம் தேடினதுல என்ன மானம் போறது?"

சரிதான். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. வசனத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

பென் டிரைவில் இருந்து, நரி ஒன்று வாலைச் சுற்றிப் படுத்திருக்கிற படம் போட்ட அந்தப் பிரவுசரை ஏற்றினேன். இலவசம்தான். பிறகு அதற்கென்று உள்ள விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தேன். அதுவும் இலவசம். ஒரு தரம் மூடித் திறந்தால் போதும். கார், கண்ணடிக்கும் பெண் எல்லாம் போன இடம் தெரியவில்லை. செய்தித் தளம் ஒன்றைத் திறந்து காட்டினேன். பக்கம் சட்டென்று வந்து வெள்ளையாக நின்றது.

"ஆ! இது வேற கம்பியூட்டர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் பொனிபஸ். வேகத்தைக் கண்டதும் அவர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார். வியாபாரியை மாற்றுவதற்கு நீதி நியாயம் கதைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். வேகத்தைக் காட்டுங்கள்.

அடுத்தது முக்கியமான வேலை. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கவனியுங்கள். மேலே டூல்ஸ். அதற்குள் ஒப்ஷன்ஸ். அதற்குள் பிரைவசி என்று ஒரு பக்கம். போன இடங்களை ஞாபகம் வைக்கட்டா? வேண்டாம். முகவரி அடிக்கும்போது பழையதை எடுத்துக் கொடுக்கட்டா? ஐயோ… வேண்டவே வேண்டாம். குக்கியா? நான் பார்க்கிற தளம் போடலாம், ஆனால் மூடும்வரைக்கும் மட்டும். எனக்குத் தெரியாத மூன்றாம் ஆள் போடக் கூடாது. விளம்பரக் கம்பனிகள் தளம் தளமாக உங்கள் பின்னால் வருவது அந்த மூன்றாம் ஆளின் துண்டை வைத்துத்தான். கடைசியில், மூடும்போது எல்லாவற்றையும் அழித்துவிடு என்கிற கட்டத்தில் ஒரு சரி. அதற்கு அடுத்த பக்கத்தில் பாஸ்வேர்ட் ஞாபகத்தையும் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்துவிட்டால் உங்களை ஒருவரும் காணமுடியாதா? அப்படி இல்லை. ஒரு தளத்தில் நீங்களாக எழுதிக் கொடுத்தது அந்தத் தளத்துக்குத் தெரியும். அதை எந்தப் பிரவுசரும் அழிக்காது. அடுத்த வாடிக்கையாளருக்குத் தெரியாது — அவ்வளவுதான். அந்த அவ்வளவு இருந்திருந்தால் யோகாவுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

இதை அச்சிடும்போது பத்திரிகை ஆசிரியர் முகம் சுளிப்பார் என்று தெரியும். இந்தப் பத்திக்குக் கீழே அநேகமாக ஒரு நகைக்கடை விளம்பரம் இருக்கும். அதிலே எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சங்கிலியின் படம் பேசாமல் அதன் பாட்டில் கிடக்கிறது. நீங்கள் யார், இதற்கு முன் என்ன வாசித்தீர்கள் என்று கடைக்காரருக்குப் போய்ச் சொல்வதில்லை. இன்டர்நெட் விளம்பரமும் அந்த மரியாதையைப் பழகட்டும், நானும் தடுப்பானை எடுத்துவிடுகிறேன்.

கடைசிக் கம்பியூட்டருக்கு வந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மண்டூர் அண்ணன்.

போன கிழமை பார்க்காமல் போன மகனின் படங்களைப் பார்க்க வந்திருக்கிறார். வெள்ளைச் சேட்டு. பாதையில் ஏறும்போது நனைந்த வேட்டிக் கரை. யோகாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பொனிபஸ் அவசர அவசரமாக மேசையில் இருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினார். அங்கே தூசி இல்லை.

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். யோகா முந்திக்கொண்டாள்.

"வாங்க அண்ண. இதுல இருங்க."

தனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அண்ணன் அசையவில்லை.

"என்னத்துக்கு?"

"போன கிழமை கம்பியூட்டர் காட்டிச்சு. இண்டைக்கு நான் காட்டுறன். இருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், பொனிபஸைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். யோகா முகவரியை அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக. இந்த முறை கீழே ஒன்றும் வரிசை கட்டவில்லை. பெயரையும் பாஸ்வேர்டையும் அவளே அடித்தாள். பச்சைச் சேலை வந்தது.

"இது ஆர் எடுத்த படம்?" என்றார் அண்ணன்.

"ஸ்டூடியோவுல. நான் போய் எடுத்தது."

"ம்."

ஒரு கடிதம் வந்திருந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் ஒருவர். மனைவி இறந்துவிட்டார். இரண்டு கிழமைக்கு முன் எழுதியிருக்கிறார். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அண்ணனுக்குக் கண் ஓடவில்லை. "டீச்சர், நீங்க வாசிங்க" என்றாள் யோகா.

வாசித்தேன். முதலில் மரியாதையாகத்தான் போனது. உங்கள் படம் பார்த்தேன், பிடித்திருக்கிறது, எனக்குச் சொந்த வீடு உண்டு, குடிப்பழக்கம் இல்லை. நடுவில் ஒரு வரி வந்தது. என் குரல் தானாக இறங்கியது. மகளை முதல் சில வருடங்களுக்கு ஹொஸ்டலில் விடலாம்தானே, புது வாழ்க்கை தொடங்கும்போது அதுதான் எல்லோருக்கும் நல்லது, பிறகு பார்த்துக்கொள்வோம்.



"ஆருட புள்ளைய ஆரு ஹொஸ்டல்ல விடுற?" அண்ணன் எழும்பிவிட்டார். "அவன்ட போன் நம்பர் இருக்கா? இப்ப எடு! நான் கதைக்கிறன்!"

"அண்ண, இருங்க."

"இரண்டு கிழமையா இத வெச்சிக்கொண்டா இருக்கிறாய்? அண்டைக்கே எழுதியிருக்க வேணாமா, ஏலாது எண்டு?"

"அதத்தான் எழுத இருந்தன்" என்றாள் யோகா. குரல் உயரவில்லை. கையை மவுஸில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன எழுதுற எண்டு வாசிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும். ரெண்டு கிழமை எடுத்தது, நான் கோவத்துல எழுதக் கூடாது எண்டு. அதுக்குள்ள நீங்க வந்து முத்தத்துல நிண்டு கத்திற்றுப் போயிற்றீங்க."

"அதுக்கு?"

"இப்ப நான் ஏலாது எண்டு எழுதினா, ஆருக்குப் பயந்து எழுதினது எண்டு சொல்லுவாங்க? உங்களுக்குப் பயந்து எண்டுதான். அந்த ஆளும் அப்பிடித்தான் நினைப்பார், அக்கம்பக்கமும் அப்பிடித்தான் சொல்லும். நாளைக்கு நானே அப்பிடி நினைச்சிருவன் அண்ண. அது என்ட மறுப்பு. என்ட புள்ளைக்காக நான் சொல்லுற மறுப்பு. அதையும் நீங்க எடுத்திற்றீங்க."

பல வருடமாக இந்த விஷயத்தைப் பற்றி வாசிக்கிறேன். இந்த அளவு தெளிவாக ஒருவரும் எழுதி நான் பார்க்கவில்லை. ரகசியம் வெளியே போனால் வெட்கம் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். யோகாவுக்கு வெட்கம் இல்லை. அவள் இழந்தது யோசித்து முடிக்கிற நேரத்தை.

அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். 

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருப்பன். நல்ல ஆளாக் கிடைச்சா, முதல்ல உங்களட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். கிடைக்க முதல் என்னத்தச் சொல்லுற?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, பார்ப்பது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, கதிரையைத் திருப்பி வாசல் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

"எழுது. நான் பாக்கல்ல."

யோகா தமிழ் எழுத்திலேயே எழுதினாள். ஒற்றை விரலால், நிதானமாக. 'என் மகள் என்னோடுதான் இருப்பாள். உங்களுக்கு நல்ல வாழ்க்கை அமையட்டும்.' அனுப்பினாள். ஒரு மூச்சு விட்டாள்.

"அனுப்பியாச்சா?" என்றார் அண்ணன், வாசலைப் பார்த்தபடியே.

"ஓம்."

"கொழும்புக்காரனுக்கு நல்ல வாழ்க்கை அமையட்டும் எண்டும் போட்டியா?"

"நீங்க பாக்கல்ல எண்டீங்க."

"கண்ணாடில தெரியுது."

வாசல் கண்ணாடிக் கதவில் திரை முழுதும் தலைகீழாக இல்லாவிட்டாலும் இடம் வலமாக நன்றாகவே தெரிந்தது! பொனிபஸுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். யோகாவும் சிரித்துவிட்டாள். அண்ணன் வாசலில் வந்து நின்றதில் இருந்து அவள் முகம் தளர்ந்தது அப்போதுதான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அண்ணன் கதிரையைத் திரும்பவும் திரைப் பக்கம் திருப்பினார். தொண்டையைச் செருமினார்.

"இதுல… வேற ஆக்களும் இருக்காங்களா?"

இருந்தார்கள். அண்ணன் மவுஸைப் பிடித்துக்கொண்டார். மகனுடைய மெயிலைத் திறக்கப் பொறுமை இல்லாத அதே மனிதர், மாப்பிள்ளைகளை வரிசையாகத் தள்ளத் தொடங்கினார். ஒருவருக்கு மீசை சரியில்லை. ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார், அந்த வயதில் அது எதற்கு? ஒருவர் நன்றாகத்தான் இருந்தார். அண்ணன் திரைக்குக் கிட்டப் போய்த் தேடினார்.

"சாதி போட்டிருக்கு. நட்சத்திரம் போட்டிருக்கு. என்ன குடி எண்டு போடல்லயே?"

வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே தாய்வழியில் வருவது குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. உலகம் முழுவதற்கும் கலியாணம் பேசுகிற அந்தத் தளத்துக்கு மட்டக்களப்பின் முதல் கேள்வியே தெரியவில்லை!

"டீச்சர், இவங்களுக்குச் சொல்லி இதுல குடியையும் போட ஏலாதா?"

"அண்ண" என்றாள் யோகா.

"இந்தா, இவர் திருகோணமலை எண்டு போட்டிருக்கு. எங்கட அத்தைட ஆக்கள் அங்க—"

"அண்ண. போதும். எழும்புங்க. நான் பாத்துக்கிறன்."

அண்ணன் மவுஸில் இருந்து கையை எடுத்தார். தங்கையைப் பார்த்தார். இரண்டு நொடிகள்தான். "சரி புள்ள" என்று எழும்பி, மகனின் படங்களைப் பார்க்க அடுத்த தடுப்புக்குப் போய், திரைச்சீலையைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டார்.

விளம்பரங்களை மறிக்க ஒரு மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது… அண்ணன்மாரை மறிக்க 'எழும்புங்க' என்ற ஒரு சொல் போதும்!